இனிஷியலுக்கு இடமில்லாத கட்டம்

பான் எண்ணில் மொத்தம் பத்து இடங்கள். நான்காவது இடத்தில் நிற்கும் எழுத்து தனிமனிதருக்கு ‘பி’. ஐந்தாவது எழுத்து அவருடைய குடும்பப்பெயரின் முதல் எழுத்து. தேஷ்பாண்டே என்றால் ‘டி’, ஷா என்றால் ‘எஸ்’. மாட்டுங்காவில் குடியிருக்கும் ராமசாமியின் மகன் சுப்பிரமணியனுக்கு எந்த எழுத்து? விண்ணப்பத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதில் இனிஷியல் போடவும் கூடாது. அப்பா பெயரை விரித்து அங்கே எழுதினால் ‘ஆர்’ வரும். தன் பெயரையே எழுதினால் ‘எஸ்’ வரும். அவருடைய தம்பி வேறு மாதிரி எழுதிவிட்டால், வருமான வரித்துறையின் கணினியைப் பொறுத்தவரை ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள்.

அதே விண்ணப்பத்தில், அட்டையில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்கும் இன்னொரு கட்டமும் உண்டு. அங்கே சுருக்கி எழுதலாம். ஆகவே சட்டைப்பையில் இருக்கும் அட்டையில் ஒரு பெயர், தரவுத்தளத்தில் வேறொரு பெயர். பல வருஷம் யாருக்கும் இது தெரியாது. இன்னொரு துறையின் கணினி வந்து இந்தப் பெயரைத் தன்னிடமுள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில்தான் தெரியும்.

பழைய கோப்பின் எந்தக் கட்டம் புதிய கோப்பின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று வகுத்துக்கொடுக்கும் வேலையை மென்பொருள்காரர்கள் மேப்பிங் என்கிறார்கள். ஒரு நிறுவனம் கணக்கு, சம்பளம், சரக்கு என்று எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றும்போது அதிகம் பேர் தூக்கம் கெடுவது இந்த வேலையில்தான். கணினியோடு சேர்ந்து பிறந்த தலைவலி இது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பாய்த் தமிழர்களின் நூறு வருஷத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கட்டத்தைச் சரிபார்த்துச் சம்பாதித்தவர்களும் அவர்களே, கட்டத்தில் அடங்காமல் அலைந்தவர்களும் அவர்களே.

மராத்தியர் வழக்கில் பெயருக்கு மூன்று பகுதி: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர். சச்சின் ரமேஷ் டெண்டுல்கர், சுனில் மனோகர் கவாஸ்கர். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் இந்த வரிசையை மனதில் வைத்துத்தான் அச்சாகின. தமிழர் பெயரில் தந்தை ஒரே எழுத்தாக முன்னால் நிற்பார். பின்னால் சாதிப் பட்டம் நின்ற காலமும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு அந்தப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் பெயரின் வால் பெரும்பாலும் உதிர்ந்துபோனது. ஓர் அரசியல் வெற்றிதான் அது. ஆனால் தாதரில் ரயிலை விட்டு இறங்கியவரிடம் குமாஸ்தா கேட்ட முதல் கேள்விக்கு, “ஆட்நாவ் காய்?” (குடும்பப்பெயர் என்ன?) என்பதற்கு, அந்த வெற்றியால் பதில் இல்லாமல் போயிற்று.

ஆளுக்கொரு வழியாகச் சமாளித்தார்கள். ஊரில் விட்ட பட்டத்தை இங்கே திரும்ப எடுத்து ஐயர், நாடார், தேவர், கோனார் என்று எழுதிக்கொண்டவர்கள் பலர். மும்பையில் ‘ஐயர்’ இன்றும் சாதாரணக் குடும்பப்பெயர். எடுப்பதற்குப் பட்டம் இல்லாதவர்களும், எடுக்க மனமில்லாதவர்களும் அப்பா பெயரைப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். செம்பூரில் வளர்ந்த நடிகை வித்யா பாலனின் ‘பாலன்’ அப்படி வந்தது. அவருடைய தந்தை பி. ஆர். பாலன். இன்னும் சிலர் அப்பா பெயரை முன்னால் விரித்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் அதற்குப் பேர்போன உதாரணம். உலகச் சதுரங்க அரங்கம் செல்லமாக ‘விஷி’ என்று கூப்பிட்டது அவரை அல்ல, அவருடைய அப்பாவை.

இத்தனை வழக்கங்களும் மாட்டுங்காவின் நான்கு தெருக்களுக்குள் ஒன்றாகக் கலந்தன. பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் திட்டமிட்டு மனை பிரித்தது. வாடகைக்கு வீடு கட்டி முடிந்த சமயத்தில் சென்னை மாகாணத்திலிருந்து ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்த இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்ற எஸ்.ஐ.இ.எஸ். பிறகு மெஸ், காபிப் பொடிக் கடை, பஜனை, 1952இல் ஷண்முகானந்தா சபா. காலை லோக்கலில் கோட்டைப் பகுதிக்குப் போய், வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எண்ணெய்க் கம்பெனியிலும் பேரேட்டைத் திறந்து உட்கார்ந்தார்கள். நாளிறுதியில் இரண்டு பக்கமும் ‘டேலி’ ஆகாவிட்டால் எட்டு மணி ரயிலும் போய்விடும். வித்தியாசம் எங்கே என்று பிடிபடாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கு என்ற தலைப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் அதைத் தேட வேண்டும். இன்றைய மென்பொருளில் ‘எரர் கியூ’ என்று ஒதுங்கி நிற்கும் வரிகளுக்கு முப்பாட்டன் அந்தக் கணக்குதான்.

கட்டங்கள் இறுகியது அட்டை வந்த பிறகு. ஐ.பி.எம். துளையட்டையில் எண்பது பத்திகள், ஒரு பத்திக்கு ஒரு எழுத்து. பேரேட்டில் பெயர் நீண்டால் கை கொஞ்சம் நெருக்கி எழுதும், அட்டை நெருக்காது. பெயருக்குப் பதினைந்து பத்தி ஒதுக்கிய அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பதினெட்டு எழுத்து நீளும் வெங்கடசுப்பிரமணியனுக்குக் கடைசி மூன்று எழுத்து விழுந்துவிடும். ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் வெரிஃபயர் எந்திரத்தில் அப்படியே மறுபடி தட்டுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அட்டை நிற்கும். அட்டைக் கட்டு எந்திரத்துக்குள் போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் தொகைகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். தொகையை மட்டுமல்ல, ஊழியர் எண்களையும் கூட்டுவார்கள். ஊழியர் எண்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு பொருளும் கிடையாது. ஓர் அட்டை தொலைந்ததா, மாறியதா என்று காட்டிக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ‘ஹேஷ் டோட்டல்’ என்ற அந்த வித்தை இன்றைக்கும் தரவு மாற்றும் குழுக்களின் கையில் இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் பம்பாயில் ஐ.பி.எம். 1401 கணினியை வைத்தது. இந்தியாவில் வணிகக் கணக்குக்கென்று வந்த முதல் கணினிகளில் அது ஒன்று. அந்த எந்திரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு தகவல் எங்கே முடிகிறது என்பதை ‘வேர்ட் மார்க்’ என்ற குறி சொல்லும். எந்திரம் வலமிருந்து இடமாக அந்தக் குறி வரும்வரை படித்துக்கொண்டே போகும். குறியை வைக்க மறந்தால் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். சம்பளத்துக்கு முன்னால் ஊழியர் எண் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்ஸோவின் சுத்திகரிப்பு ஆலை செம்பூரை ஒட்டிய டிராம்பேயில், 1954இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே மாஹுலில் பர்மா ஷெல் ஆலை வந்தது. 1970களில் அரசு இரண்டையும் எடுத்துக்கொண்டபோது முந்தையது ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது, பிந்தையது பாரத் பெட்ரோலியம் ஆனது.

டாடா குழுமம் 1968இல் தொடங்கிய கணினி மையம் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் என்று பெயர் பெற்றது. அதற்குக் கிடைத்த ஆரம்ப கால வேலைகளில் ஒன்று சென்ட்ரல் பேங்கின் கிளைகளுக்கிடையே கணக்கு ஒப்பிடுவது. மாட்டுங்கா குமாஸ்தாக்களுக்கு இதைவிடப் பழக்கமான வேலை இருக்க முடியாது. ஒரு கிளை டிராஃப்ட் கொடுக்கும், ஊர் தாண்டி இன்னொரு கிளை பணம் கொடுக்கும். இரண்டும் தனித்தனியாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதும். இரண்டு வரிகளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். கிளைக் குறியீட்டில் ஓர் இலக்கம் பிசகினாலும் வரி தனியாகத் தொங்கும். அப்படித் தொங்கும் வரிகளை ஆயிரக்கணக்கில் எந்திரம் பிரித்துக் கொடுத்தது. ஆனால் ‘இது திருநெல்வேலி, அது திருச்சி’ என்று முடிவு செய்ய அப்போதும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

1966இல் சிவசேனை பிறந்தது. பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ், பம்பாய்க் கம்பெனிகளில் உயர் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை அச்சிட்டது. எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக உட்காராத அதே பெயர்கள்தாம். அலுவலக எந்திரம் முதற்பெயர் எது, கடைசிப்பெயர் எது என்று தடுமாறிய இடத்தில் பட்டியல்காரர்களுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் உணவு விடுதிகளின் கண்ணாடிகள் உடைந்த காலம் அது.

வங்கிகளில் கணினி மெதுவாகத்தான் நுழைந்தது. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் எந்திரங்கள் பரவலாக வந்தன. ஒப்பிடும் வேலை பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1992 பத்திர ஊழல் ஒரு பாடம். அரசுப் பத்திரங்களின் கணக்கை ரிசர்வ் வங்கி அப்போது கையால்தான் எழுதிவந்தது. அந்த இடைவெளியில் இல்லாத பத்திரங்களுக்கெல்லாம் ரசீது உலவியது. இதை ஆராய்ந்த குழுவுக்கும் தலைவர் ஒரு தமிழர், துணை ஆளுநர் ஆர். ஜானகிராமன்.

ஸ்டேட் வங்கியின் கிளைகளில் 1990களில் ‘பேங்க்மாஸ்டர்’ என்ற மென்பொருள் ஓடியது. ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் தரவுத்தளம். அவற்றையெல்லாம் ஒரே மைய அமைப்புக்குள் கொண்டுவரும் வேலை டாடா கன்சல்டன்சியிடம் போனது. 2008 வாக்கில் முடிந்தது. மாட்டுங்கா கிளையில் ‘ஆர். சுப்பிரமணியன்’ என்றும், கோட்டைக் கிளையில் ‘சுப்பிரமணியன் ஆர்’ என்றும், செம்பூரில் ‘எஸ். ஆர். ஐயர்’ என்றும் ஒரே மனிதர் மூன்று கணக்கு வைத்திருந்தால், மைய அமைப்பில் மூன்று வாடிக்கையாளர்கள் பிறப்பார்கள். அவர்கள் ஒருவர்தான் என்று கண்டுபிடிக்க முகவரி, பிறந்த தேதி, தொலைபேசி எண் என்று சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும்.

கம்பெனிகளின் பக்கம் இதே வேலையை ஜெர்மனியிலிருந்து வந்த எஸ்.ஏ.பி. மென்பொருள் கொண்டுவந்தது. யு. சுந்தரராஜன் தலைவராக இருந்த காலத்தில் பாரத் பெட்ரோலியம், ‘என்ட்ரான்ஸ்’ என்ற திட்டத்தின் கீழ் 1990களின் கடைசியில் அதற்கு மாறத் தொடங்கியது. எண்ணெய்த் துறையில் மேப்பிங் என்றால் பெயர் மட்டுமல்ல. டீசலின் கன அளவு வெயிலில் கூடும், குளிரில் குறையும். ஒரு பதிவேடு தொட்டியின் அன்றைய வெப்பநிலையில் லிட்டர் கணக்கு வைத்திருக்க, இன்னொன்று 15 டிகிரிக்கு மாற்றிய லிட்டரை எதிர்பார்த்தால் இரண்டும் ‘அளவு’ என்ற ஒரே பெயருள்ள கட்டம்தான். எண் சரியாகப் போய்ச் சேரும், பிழைச்செய்தி எதுவும் வராது. மாதக் கடைசியில் சரக்கு காணாமல் போயிருக்கும். நிராகரிக்கப்பட்ட வரியைவிட அமைதியாக ஏற்கப்பட்ட தவறான வரிதான் ஆபத்து என்பது இத்தொழிலில் அடிபட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதே மென்பொருளின் ஊழியர் பகுதியில் 0002 என்று எண்ணிட்ட ஒரு திரை இருக்கிறது. சொந்த விவரங்களுக்கான திரை. அதில் கடைசிப்பெயர் கட்டாயம். எஸ்.ஏ.பி.யின் ஊரான வால்டோர்ஃபில் உட்கார்ந்து அதை எழுதியவர்களுக்கு அது இயல்பு. ஜெர்மானியருக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் இருப்பதில்லை. இந்திய அலுவலகங்களின் பழைய சம்பளக் கோப்புகளிலோ ‘பெயர்’ என்று ஒரே நீளக் கட்டம். அதை இடைவெளி வரும் இடத்தில் வெட்டு, கடைசித் துண்டு கடைசிப்பெயர் என்று ஒரு விதி எழுதினால் டெண்டுல்கர்கள் ஒழுங்காகப் போய் உட்காருவார்கள். ‘ஆர். சுப்பிரமணியன்’ போனால் ‘ஆர்.’ முதற்பெயராகிவிடும். ‘சுப்பிரமணியன் ஆர்’ போனால் ‘ஆர்’ குடும்பப்பெயராகிவிடும். ‘முருகன்’ என்று தனியாக நிற்பவரிடம் வெட்ட இடைவெளியே இல்லை, கடைசிப்பெயர் காலியாகி அவர் நிராகரிக்கப்படுவார்.

இதைச் சரிசெய்யும் முறையில் மாயம் ஒன்றுமில்லை, பொறுமைதான். முதலில் மொத்த வரிகளை எண்ணுவது: பழைய கோப்பில் எத்தனை, புதியதில் எத்தனை, ஒதுங்கியவை எத்தனை. பிறகு தொகைகளைக் கூட்டுவது. பிறகு ஒதுங்கியவற்றைக் காரணவாரியாகப் பிரிப்பது. நூறு பிழை போலத் தெரிவது பெரும்பாலும் மூன்று நான்கு காரணங்களில் அடங்கிவிடும். கடைசியாக, எதுவும் ஒதுங்காமல் உள்ளே போனவற்றில் சிலவற்றை உருவி எடுத்து, மூலப் பதிவேட்டோடு கண்ணால் ஒப்பிடுவது. இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். இதே முழு ஒத்திகையை இரண்டு மூன்று முறை நடத்திய பிறகே உண்மையான மாற்றத்துக்கு நாள் குறிப்பது நல்ல வழக்கம்.

நாள் நெருங்கிவிட்டால் குறுக்குவழி தேடுவார்கள். கடைசிப்பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி. அல்லது ஒரு கோடு. கணினி திருப்தியடைந்துவிடும். அந்தப் புள்ளி ஊழியரின் பின்னாலேயே வருங்கால வைப்புநிதிக்கும் வங்கிக்கும் போய், அங்கே புள்ளியை ஏற்காத இன்னொரு கணினி அவரை நிறுத்தும். அமெரிக்க விசாவில் இதற்கு மூன்றெழுத்து வடிவம் உண்டு: முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமான ‘எஃப்.என்.யு.’ பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்த எத்தனையோ தமிழர்கள் அந்த மூன்றெழுத்தைத் தங்கள் முதற்பெயராகச் சுமந்து திரிந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது.

நம் பாஸ்போர்ட் சேவை அமைப்பைக் கட்டும் ஒப்பந்தம் 2008இல் டாடா கன்சல்டன்சிக்குத்தான் கிடைத்தது. அதன் விண்ணப்பத்திலும் ‘இடப்பட்ட பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்குத் தலைமைச் செயல் அதிகாரியானவர் மோகனூர்க்காரர் என். சந்திரசேகரன். ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை நடராஜன் சந்திரசேகரன் என்று முழுதாக எழுதும். அதில் முதலில் வருவது அவருடைய தந்தையின் பெயர். இடைவெளி வரும் இடத்தில் வெட்டும் விதி அவரையும் தலைகீழாகத்தான் உட்கார வைத்திருக்கும்.

ஆதாரை வடிவமைத்தவர்கள் இந்தச் சிக்கலை ஓரளவு முன்கூட்டியே பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். 2009இல் தகவல் கட்டங்களை வகுக்க அமைத்த குழுவுக்கு முன்னாள் ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் தலைவர். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். முதல், நடு, கடைசி என்ற பிரிவினை கிடையாது. முழுப் பெயரை அப்படியே எழுதலாம். நாட்டின் பல்வேறு பெயர் வழக்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் 2017 நிதிச் சட்டத்தில் 139ஏஏ பிரிவு வந்து, அந்த ஒரே கட்டத்தைப் பான் எண்ணின் மூன்று கட்டங்களோடு இணைக்கச் சொன்னது. தமிழ்நாட்டிலும் மும்பையிலும் இனிஷியல்காரர்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டார்கள். சிறு வேறுபாடு என்றால் ஆதாரில் பதிந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு இணைக்கலாம் என்று துறை வழி திறந்தது. பெயர் முழுதும் வேறாக இருந்தால் ஏதாவது ஒன்றில் மாற்றித்தான் தீர வேண்டும். இணைக்காத பான் எண்கள் 2023 ஜூன் 30க்குப் பின் செயலிழந்தன.

இந்தப் பிசகு மாட்டுங்காவில் ஓர் எரிச்சல். தாராவியில் அது வீடு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் தொண்ணூறு அடிச் சாலையைச் சுற்றி ஐந்தாறு தலைமுறையாக இருக்கிறார்கள். 1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை கொடுத்தது. பின்னர் வந்த மறுகுடியமர்வுத் திட்டங்களில் தகுதிக்குக் குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த சான்று வேண்டும். அந்தத் தேதி முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1. சான்று என்றால் அட்டை, வாக்காளர் பட்டியல், மின் கட்டணச் சீட்டு. ஒவ்வொன்றிலும் பெயர் வெவ்வேறு கையால், மராத்தியிலோ ஆங்கிலத்திலோ ஏறியிருக்கும். பெண்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து, மு. செல்வி ஒருநாளில் க. செல்வி ஆகிவிடுகிறார். மராத்தி முறையில் எழுதிய பட்டியலில் கணவர் பெயர் நடுவிலும் மாமனார் பெயர் குடும்பப்பெயரின் இடத்திலும் போய் நின்றால் மூன்றாவதாக ஒரு செல்வியும் உருவாகிறார்.

2022இல் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. டிரோன் பறந்தது, லைடார் கருவி சந்துகளை அளந்தது, ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனி எண் விழுந்தது. சுவரை அங்குலக் கணக்கில் அளக்கும் அந்தக் கருவிகளால் சுவருக்குள் இருக்கும் செல்வி யார் என்று சொல்ல முடியாது. 2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதிகள், வேறு இடங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரும் இன்றைய ஆதாரில் உள்ள பெயரும் ஒருவரே என்று காட்ட நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எடுப்பது வழி. ‘இன்னாரும் இன்னாரும் ஒரே ஆள்’ என்று முத்திரைத் தாளில் உறுதி சொல்லும் அந்தக் காகிதம், வங்கியின் மைய அமைப்பு மூன்று சுப்பிரமணியன்களை ஒன்றாக்கச் செய்ததையே கைக்காசு போட்டுச் செய்கிறது.

இதற்கிடையே மகாராஷ்டிர அமைச்சரவை 2024 மார்ச்சில் இன்னொரு முடிவெடுத்தது. அந்த ஆண்டு மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயர் அரசு ஆவணங்களில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசையில் ஏற வேண்டும். தாயின் பெயர் ஏறியது நல்ல காரியம். கட்டம் இப்போது நான்கு. சயான் மருத்துவமனையில் பிறக்கும் தாராவிக் குழந்தைக்கு மூன்றை நிரப்பிவிடலாம். நான்காவதில் என்ன எழுதுவது என்பதைப் பெற்றோர் பதிவாளரின் மேசையில்தான் முடிவு செய்கிறார்கள்.